பத்தொன்பதாவது பயிற்சி உரையாடல்

1.

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. மின்னஞ்சலில் தொடங்குகிற கதை எதுவும் உருப்பட்டதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் உண்மை அதுதான், என்ன செய்ய? சைகைமொழி பெயர்ப்பாளர் சங்கத்தின் செயலாளர் எழுதியிருந்தார்:

"ஐயா, தங்கள் பதினெட்டுப் பயிற்சி உரையாடல்களும் மாணவர்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றுள்ளன. அண்மையில் வந்த ஒரு புகாரை முன்னிட்டு, கோபமாகப் பேசும் ஒருவர் இடம்பெறும் பத்தொன்பதாவது உரையாடலைத் தங்களால் எழுதித் தர இயலுமா? கோபம் மிதமாக இருந்தால் நலம்."

மிதமான கோபம். கடையில் போய், சூடாக ஒரு காபி, ஆனால் ஆறினதாகக் கொடு என்று கேட்பதுபோல.

தெரியாதவர்களுக்கு: காது கேளாதவர் கையால் பேசுவதை வாயாலும், மற்றவர் வாயால் பேசுவதைக் கையாலும் சொல்வதுதான் அந்தப் பெயர்ப்பாளர்களின் வேலை. வகுப்பில் இரண்டு பேர் என் உரையாடலை நடிப்பார்கள். நடுவில் மாணவர் உட்கார்ந்திருப்பார். அங்கங்கே [பயிற்சி பெறுபவர் பேசவும்] என்று அடைப்புக்குறி போட்டிருப்பேன். அங்கே அவர் பேச வேண்டும். விதிகள் கொஞ்சம்தான். சேர்க்காதே, விடாதே, மாற்றாதே. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாதே, அவராகவே 'நான்' என்று சொல்.

சேர்ப்பதும் விடுவதும் மாற்றுவதுமே பிழைப்பாக உள்ள ஒருவனிடம் இந்த வேலையை ஏன் கொடுத்தார்கள்? இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவன் என்பதால். அவற்றின் வாசகர்கள் அனைவரும் ஒரே லிஃப்டில் ஏறலாம்.

என் பதினெட்டு உரையாடல்களிலும் ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேசுவார். யாருக்கும் இருமல்கூட வராது. ஏழாவது உரையாடலைப் படித்துவிட்டு என் மனைவி கேட்டாள்.

"யாருங்க இவங்கல்லாம்? நம்ம வீட்ல ஒருத்தராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கீங்களா?"

"இது பயிற்சிக்கும்மா."

"எதுக்குப் பயிற்சி? பொய் சொல்றதுக்கா?"

அவளுக்கு இலக்கியம் தெரியாது என்று அப்போது முடிவுகட்டினேன்.

2.

புகாரின் விவரம் தெரிந்ததும், உரையாடலுக்கு முன் அதைக் கதையாக எழுதிப் பார்த்தேன். முதல் தொடக்கம்: "அந்த அறையில் மூன்று நாற்காலிகள் இருந்தன, ஆனால்"

அந்த 'ஆனால்'க்குப் பிறகு வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "மௌனத்துக்கும் ஒரு மொழி உண்டு."

இதை எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். பிறகு கதையின் நாயகரிடமே, அந்தப் புகாரைக் கொடுத்தவரிடமே, காட்டினேன். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். காது கேளாதவரைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் மௌனத்திலிருந்துதான் தொடங்குகிறானாம். அவர் நிற்கிற இடத்தில் இயந்திரம் ஓடினால் தரை அதிர்ந்து பல் ஆடுகிறது, அதில் எங்கே மௌனம் என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார்.

3.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை. வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர்தான் நம் நாயகர். பிறவியிலேயே காது கேளாதவர், பதினோரு வருட அனுபவம். ஆபரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருடமாக எதிரே நின்று அட்டையை உள்ளே தள்ளுபவர் அவருடைய கூட்டாளி. அரைகுறையாகச் சைகை கற்றுக்கொண்டு, வேலைக்கு நடுவிலும் ஆபரேட்டரோடு வம்பளந்துகொண்டிருந்தவர்.

ஆபத்து என்றால் அந்த இயந்திரத்தில் மணி அடிக்கும். மணி மட்டும்தான். சிவப்பு விளக்கு ஒன்று பொருத்தச் சொல்லி ஆபரேட்டர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். "அதான் மணி இருக்கே" என்பது நிர்வாகத்தின் பதில். ஒரு நாள் மணி அடித்தது. அது கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லை. கூட்டாளியின் வலது ஆள்காட்டி விரல் போய்விட்டது.

விசாரணைக்கு ஒரு பெயர்ப்பாளர் வந்தாள். உரிமம் வாங்கி ஏழே மாதம். ஆபரேட்டர் அவளுக்கு 'கன்னக்குழி' என்று சைகைப்பெயர் வைத்திருந்தார். கன்னத்தில் விரலால் ஒரு குத்து, அவ்வளவுதான் அந்தப் பெயர்.

"மணி அடிச்சிருக்கு. ஏன் மிஷினை நிறுத்தல?" என்றார் மேலாளர்.

ஆபரேட்டர் பதில் சொன்னார். ஏறக்குறைய ஒரு நிமிடம் கைகள் பறந்தன. [என்ன சொன்னார்? நிர்வாகத்தின் அலட்சியத்தைக் காட்டமாகச் சுட்டிக்காட்டினார். இப்போதைக்கு இது போதும்.]

பெயர்ப்பாளர் வாயைத் திறந்தாள்.

"நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன், ஐயா. இனி கவனமாக இருப்பேன்."

ஒரு நிமிடக் கையசைப்புக்கு இரண்டே வாக்கியமா என்று மேலாளர் யோசிக்கவில்லை. அவர்கள் மொழி கொஞ்சம் நீளம் போல என்று நினைத்திருக்கலாம். எழுந்து வந்து ஆபரேட்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபரேட்டர் அசந்துபோனார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், "அந்த வாங்கு வாங்கினேன், எழுந்து வந்து கை குடுத்தார். பெரிய மனுஷன்!" என்றார். ஆறு நாள் அந்த மேலாளரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்.

ஏழாம் நாள் விசாரணைக் குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. 'ஆபரேட்டர் தன் தவறை ஒப்புக்கொண்டார்.' கட்டுப்போட்ட கையோடு வந்த கூட்டாளியும் அதைப் படித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் வேறு மேசையில் உட்காருகிறார்.

ஆபரேட்டர் சங்கத்தில் புகார் கொடுத்தார். கன்னக்குழியின் பெயரையும் மாற்றினார். இப்போது ஒரு முஷ்டியால் மறு உள்ளங்கையை முன்னும் பின்னும் தேய்க்கிறார். இஸ்திரிப்பெட்டி.

4.

(இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன்.)

சங்கத்தின் குழு அவளைக் கேட்டது: "அவர் அப்படிச் சொல்லலையே. எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை?"

"அவர் வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். என்ன சொல்றதுன்னு தெரியல. வாய் தானா சொல்லிடுச்சு. பயிற்சில நூறு தடவை சொன்னது."

செயலாளர் இந்தக் குறிப்பையும் எனக்கு அனுப்பியிருந்தார், ஒரு வார்த்தை விமர்சனம் இல்லாமல். கெட்டிக்காரர். நான் என் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது உரையாடல், கடைசி வரி. 'நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன், ஐயா. இனி கவனமாக இருப்பேன்.' நான் போட்ட காற்புள்ளிகூட அப்படியே இருந்தது.

இத்தனை காலம் எழுதியதில் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொட்ட என் வாக்கியம் இது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. இதை நயமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

5.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காபிக்கடையில் ஆபரேட்டர், இஸ்திரிப்பெட்டி, நான் மூவரும் சந்தித்தோம். மேலே உள்ள மூன்றாம் பகுதியை ஆபரேட்டர் படித்தார், இரண்டு முறை. பிறகு என்னைப் பார்த்துக் கையை வீசத் தொடங்கினார். இஸ்திரிப்பெட்டி குரல் கொடுத்தாள்.

"நீ என்னை ரொம்ப நல்லவனா எழுதியிருக்க."

என் மகள் வயசுப் பெண் என்னை 'நீ' என்கிறாள். திரும்பி அவளைப் பார்த்தேன். பெயர்ப்பாளரைப் பார்க்கக் கூடாது, பேசுகிறவரைத்தான் பார்க்க வேண்டும். முதல் உரையாடலின் அடிக்குறிப்பில் எழுதியவனே நான்தான். ஊருக்கு உபதேசம்.

"அலட்சியத்தைச் சுட்டிக்காட்டினார்னு போட்டிருக்க. நான் சுட்டியும் காட்டல, ஒண்ணும் காட்டல. திட்டினேன்."

"அதை அப்படியே எழுதினா சங்கத்துல ஏத்துக்க மாட்டாங்களே" என்றேன்.

"அப்ப நீயும் இவளும் ஒண்ணு."

"எனக்கும் ஏதாவது பேர் வெச்சிருக்கீங்களா?" என்று அசட்டுச் சிரிப்போடு கேட்டேன். அவர் மேசையின்மேல் இரண்டு முஷ்டிகளாலும் தேய்த்துக் காட்டினார். அவள் ஒரு நொடி தயங்கினாள்.

"இஸ்திரிப்பெட்டி. பெரிய சைஸ்."

அவளுக்கு உரிமம் கொடுத்தது சரிதான் என்று அப்போது தோன்றியது.

புகாரைத் திரும்பப் பெற அவர் கேட்பது ஒன்றே ஒன்று. அதே அறையில், அதே மேலாளர் முன்னால், கூட்டாளியையும் வைத்துக்கொண்டு, அவர் அன்று சொன்னதை அவள் அப்படியே சொல்ல வேண்டும்.

"வேலை போயிடுமே. வீட்ல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் பொண்ணு செஞ்சதுதான் சரின்னு என் பொண்டாட்டி சொல்றா. ரெண்டு நாளா என் பக்கமே திரும்பல." கையால் பேசுகிற வீட்டில் முகம் திரும்பாவிட்டால் பேச்சே இல்லை. "வேலை போனா வேற தேடிக்கலாம். அவன் விரல் போனது என்னாலன்னு நானே சொன்ன மாதிரி செவுத்துல ஒட்டியிருக்கு. அதைத் தாண்டித்தான் தினம் உள்ள போறேன். அவன் என் முகத்தைப் பார்க்கணும்."

இப்போது இஸ்திரிப்பெட்டி கையை உயர்த்தினாள். தன் பேச்சைத் தான் பேசப்போகிறாள் என்று பொருள். பேசிக்கொண்டே சைகையும் செய்தாள்.

"நான் அதைச் சொல்லி, என் வாயாலயே இவர் வேலையை..."

முடிக்கவில்லை. அவர் பதில் சொன்னார். அதை எனக்காக அவளே குரல் கொடுக்க வேண்டியிருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என் வேலை. என் பேச்சு. உன் வாயை நான் இரவல் வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்."

6.

முடிவு ஒன்று: உண்மை கேட்டு மேலாளர் கண் கலங்குகிறார். மறுநாள் சிவப்பு விளக்கு எரிகிறது. (இப்படி முடித்தால் எனக்கு மூன்றாவது முஷ்டி தேவைப்படும்.)

முடிவு இரண்டு: வேலை போகிறது. கூட்டாளி வாசல்வரை ஓடி வந்து, மிச்சமுள்ள நான்கு விரல்களால் (எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. எனக்கே அடைத்தால் அது சந்தேகத்துக்குரியது. அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: "அவள் வாயைத் திறந்தாள். வெளியே மழை" (முடிவு தெரியாதபோதெல்லாம் என் கதைகளில் மழை பெய்யும். வேண்டாம்.)

உண்மையில் எனக்கு முடிவு தெரியாது. சந்திப்பு வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு. நன்றி சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்து மேலாளர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பிஸ்கட்கூட வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாராம்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான். சங்கம் கேட்டதைப் புதன்கிழமைக்குள் எழுதிக் கொடுப்பது. அவள் அதை ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆபரேட்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன். ஒரு காற்புள்ளிகூட என்னுடையதல்ல. மிதமாக இல்லை என்று செயலாளர் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். இஸ்திரி போடுவதாக இல்லை.

7.

பயிற்சி உரையாடல் எண் 19

(மேலாளர் அறை. மூன்று நாற்காலிகள், ஒரு தட்டில் பிஸ்கட். கூட்டாளி கதவருகே நிற்கிறார், வலது கை கால்சட்டைப்பைக்குள். நடு நாற்காலியில் நீங்கள். இதை அவள் மட்டும் படிக்கப்போவதில்லை, ஆகவே நீங்கள்தான். விதிகள் நினைவிருக்கட்டும்: சேர்க்காதீர்கள், விடாதீர்கள், மாற்றாதீர்கள். 'நான்' என்று சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்.)

மேலாளர்: வாங்க வாங்க, உட்காருங்க. சொல்லுங்க.

ஆபரேட்டர் (சைகையில்): டேய் நாயே. மூணு தடவை லைட் கேட்டேன். மூணு தடவையும் மணி இருக்கேன்னு சொன்ன. இப்ப மணி கேக்கலையான்னு என்னையே கேக்குற. வெட்கமா இல்ல உனக்கு? அந்த விரலைத் தூக்கிப் போட்டுடாத. நான் எழுதிக் குடுத்த பேப்பர் மூணும் உன் மேசையிலதான் இருக்கும். பறக்காம இருக்க அந்த விரலை எடுத்து மேல வை.

மேலாளர் (சிரித்த முகத்தோடு உங்கள் பக்கம் திரும்பி): என்ன சொல்றார்?

[பயிற்சி பெறுபவர் பேசவும்]