இரண்டு பேருக்குத்தான் பெர்மிட்

என் பெயர் லதீசன். வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் இலங்கைத்துறை. இரண்டு வருடமாகத் திருகோணமலையில், பாலையூற்றில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். ஹுஸ்னியா அக்கா, நீங்கள் என்னைக் கண்டதில்லை. உங்கள் தம்பி முனாப்போடு ஒரே இடத்தில் வேலை செய்கிறவன் நான். எங்கள் முதலாளி ஜவ்பரிடம்தான் உங்கள் நம்பரை வாங்கினேன். ரைப் பண்ணக் கை ஓடவில்லை; போனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறேன். முனாப் நானா இன்று ஜும்மா முடிந்து மூதூருக்கு, உங்கள் வீட்டுக்கு வருவார். அதற்கு முன்னம் இதைக் கடைசிவரை வாசித்துவிடுங்கள்.

எங்கள் வேலை துறைமுகத்துக்குப் பக்கத்தில், சங்கு குளிக்கிறவர்களின் சிலிண்டருக்குக் காற்று அடிப்பது. நான் காற்று அடிக்கிறவன். முனாப் நானா குளிக்கிறவர். ஆனால் இந்த வருடம் கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தும் அவர் ஒரு நாள்கூட வள்ளத்தில் ஏறவில்லை. என்னோடு தரையில் நின்று சிலிண்டர் தூக்குகிறார். எனக்கு முதல் சந்தேகம் அதில்தான் வந்தது. இரண்டாவது, அவர் என் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது.

"தம்பி, உன்ட பாஸ்போட் சும்மாதானே கெடக்கு?"

"சும்மா இல்ல நானா. ருமேனியா வேலைக்குக் கொப்பி குடுத்திருக்கு. ஒரிஜினலை எப்ப கேப்பாங்களோ தெரியாது."

"கேக்கக்குள்ள குடுப்பம். அதுக்குள்ள ஒருக்கா மலைக்குப் போய்ட்டு வருவம். நேபாளம். எல்லைப் பக்கம், பனி மலை. பையத் தூக்கிட்டு நடக்கிறது."

கதிரையில் சாய்ந்திருந்த ஜவ்பர் முதலாளி சிரித்தார். "ஐஸ் பாக்கவா நேபாளம் போறாய்? மீன் வாடிக்கு வா. ஐஸ் பெட்டிக்குள்ள படுக்கப் போட்டு மூடி உடுறன். பெர்மிட்டும் தேவல்ல."

முனாப் நானா சிரிக்கவில்லை. தான் போக நினைத்த எல்லைப் பள்ளத்தாக்குக்குப் பெர்மிட் இல்லாமல் கால் வைக்க ஏலாது என்றார். அதுவும் அங்கே பதிந்த கம்பனி ஒன்றின் மூலமாகத்தான் எடுக்க வேண்டுமாம். வழிகாட்டி ஒருவர் கூட வர வேண்டுமாம். தனி ஆளுக்குக் கொடுக்கவே மாட்டார்களாம், குறைந்தது இரண்டு பேர்.

"தனியப் போனவன் உழுந்து கெடந்தாலும் ஆருக்குத் தெரியும்? அதுக்குத்தான் ரெண்டு பேர்."

"எனக்குக் கன்னியா மலையே ஏற ஏலாது நானா. நான் எப்பிடி?"

"நீ ஏறத் தேவல்ல. கீழ லொட்ஜில ரீ குடிச்சிட்டு இரி. உன்ட பேர் மட்டும் மேல வந்தாப் போதும்."

பேர் மட்டும். அந்தச் சொல்தான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை, அக்கா. சுற்றுலா என்று சொல்லி வெளிக்கிட்டுத் திரும்பி வராதவர்கள் எங்கள் கரையில் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும். ஒருவரின் பெயரில் இன்னொருவர் எல்லை தாண்டினால் பிறகு பிடிபடுவது பெயர்க்காரன்தானே? ஆனாலும் ஸ்கான் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் கேட்டபோது கொடுத்துவிட்டேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அடுத்த கிழமை திருப்பிக் கேட்டேன்.

"படம் தெளிவில்ல எண்டு கம்பனிக்காரன் செல்றான். இன்னொருக்கா எடுக்கோணும்."

அதற்குப் பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். கம்பனிக்காரனின் போன் கோல் வந்தால் கொம்பிரஷர் சத்தத்துக்குப் பின்னால் போய் நின்று கதைப்பார். ஆரோ பாவித்த மலைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி, கச்சான் காற்றின் வெக்கையிலும் கழற்றாமல் திரிவார். கேட்டால், காலுக்குப் பழக்க வேண்டுமாம். ஒரு நாள் பனியில் படுக்கிற பையைத் தூக்கிக்கொண்டு உண்மையாகவே வாடியின் ஐஸ் அறைக்குள் போய்ப் படுத்தார். உதடு நீலம் பாரித்து வெளியே வந்து, "பரவால்ல, தாங்கும்" என்றார். ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தங்குவது, எங்கே ஒரு நாள் கூட நிற்பது என்று எல்லாம் மனப்பாடம். "கடலால ஏறக்குள்ள நிண்டு நிண்டு ஏறுவமே, அதே மாதிரித்தான்டா" என்பார். இவ்வளவு கவனமாகத் திட்டம் போடுகிற மனிசன் வீட்டுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "ராத்தாவுக்கு மூச்சும் உட்டுராத" என்று உங்களைச் சொல்லித்தான் எனக்குக் கட்டளை.

வள்ளக்காரர் பகிடி பண்ணுவார்கள்: "என்ன முனாப், கடல் புளிச்சுப் போச்சோ?"

"உங்கட மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் புளிச்ச."

நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். இந்த ஆள் திரும்பி வரப் போவதில்லை. மலையால் இறங்கி அந்தப் பக்கம் போய்விடுவார். கீழே லொட்ஜில் இருக்கிற என்னைப் பிடித்து, மற்றவன் எங்கே என்று கேட்பார்கள். அப்படித்தான் முடிவு கட்டினேன்.

நேற்று மத்தியானம் வேலை குறைவு. பை தூக்கிப் பழக வேண்டும் என்று என்னையும் கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பைக்குள்ளும் மணல். கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் வாசல் வரை ஏற்றம். கோட்டைக்குள் திரிகிற மான் ஒன்று அவருடைய பையை மோந்துகொண்டே பின்னால் வந்தது. "உள்ளுக்கு மண்தான் வாப்பா, பிஸ்கற் இல்ல" என்று அதற்கும் விளக்கம் சொன்னார். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு இல்லை. ஆனால் இடது காலை வைக்கும்போது மட்டும் நிலத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார்.

கோயில் வாசலில் வைத்துக் கேட்டால் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்திருந்தேன். கோணேசர் அவருடைய ஆள் இல்லை என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. சரி, கும்பிட்டுவிட்டு வந்து கேட்போம் என்று செருப்பைக் கழற்றினேன். தார் றோட்டு கொதித்தது. ஒரு காலில் நிற்க மறு கால் சுட்டது. துள்ளினேன்.

"என்னடா, ஆட்டம் போடுறாய்?" என்று சிரித்தார். அவருடைய இடது சப்பாத்துக்குள் கல் ஒன்று போயிருந்தது. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றி, வெறுங்காலை அதே தாரில் ஊன்றிக்கொண்டு, கல்லைத் தட்டி, நூலை இழுத்து, ஆறுதலாக என்னோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

நான் துள்ளுவதை விட்டுவிட்டேன்.

"நானா, சுடேல்லையா?"

"என்ன?"

"கால்."

குனிந்து பார்த்தார். பார்த்த பிறகுதான் அந்தக் காலைத் தூக்கினார்.

அவரை மர நிழலில் இருத்தி உள்ளங்காலைத் திருப்பினேன். தோல் வெந்து கொப்புளம் எழும்பத் தொடங்கியிருந்தது. குதிப்பக்கம் பழைய வெட்டு ஒன்று, கண்ணாடித் துண்டோடு ஆறிப்போய்க் கிடந்தது. விரலை அமத்தினேன். வேறு ஆருடையோ காலை நான் பிடித்திருப்பது போல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். போன வருடம் அடியில் இருக்கும்போது காற்று முடிந்து, ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறார். பின்னேரம் இரண்டு காலும் உணர்வில்லாமல் விழுந்துவிட்டது. கூட வந்தவர்கள், குளிகாரர் வழக்கமாகச் செய்வது போல, திரும்பவும் கடலுக்குள் இறக்கிக் கயிற்றில் பிடித்திருக்கிறார்கள். வலது கால் திரும்பி வந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சில நாள் கழித்துத்தான் போயிருக்கிறார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"கடலுக்கு இறங்காத எண்டார்."

"அவ்வளவுதானா?"

மான் நின்ற பக்கம் திரும்பினார். "உயரத்துக்கும் போகாத எண்டார். அவருக்கென்ன தெரியும்? நீ கேளு. அடியில அமுங்கி உடம்புக்குள்ள போன காத்துதானே இது? மேல போகப் போக அமுக்கம் குறையும். குறைஞ்சா வெளிய வந்திரும். சோடாப் போத்தல் மூடியத் துறக்கிற மாதிரி."

"நானா, அந்த மூடி சடாரெண்டு துறந்தபடியாத்தானே உங்களுக்குக் கால் விழுந்தது?"

அவர் சப்பாத்தை மாட்டினார். நூலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

"அப்ப இன்னும் ஒருக்காத் துறந்து பாப்பம்" என்றார். "தரையில சிலிண்டர் தூக்கிட்டு எத்தனை வருசம்டா இரிக்கிற? நான் கடலுக்குப் போறன் எண்டுதான் ராத்தா இன்னும் நினைச்சிட்டு இரிக்கா."

திருடன் என்று நினைத்துத்தான் இவரோடு இந்த ஏற்றம் ஏறினேன். கடைசியில் "என்ர பாஸ்போட்..." என்றேன்.

தன்னுடைய நீல நிறப் பையின் முன் பொக்கற் சிப்பைத் திறந்து என் முன்னால் பிடித்தார். "எடு. உன்ட சாமான்தானே. பத்தாந் திகதிக்குள்ள பெர்மிட் போடாட்டிப் பனி உழுந்து பாதை மூடிரும். பிறகு அடுத்த வருசம்தான். எடுக்கிறதெண்டா எடு."

என் கை போகவில்லை, அக்கா. அவர் சிப்பை இழுத்து மூடினார். மணல் பையைத் தூக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடியே இறங்கினார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் உங்களிடம் வந்துவிடுவார். நான் சொன்னேன் என்று தெரிந்தால் என்னோடு கதைக்கமாட்டார், பரவாயில்லை. வந்தவுடன் இடது சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொல்லுங்கள். உள்ளங்காலை நீங்களே பாருங்கள். திரும்பவும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீல நிறப் பையின் முன் பொக்கற்றில் என் பாஸ்போர்ட் இருக்கிறது. அதை எடுத்து உங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ருமேனியாக்காரர் கேட்டாலும், நானே வந்து கேட்டாலும், பாதையில் பனி விழும்வரை தயவுசெய்து தர வேண்டாம்.