ரப்பரால் அழித்த ஷார்ப்

பியானோ டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். சொந்தத் தங்கை ஆறு வருடமாக அவள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஏன் என்று கேட்டால், "அவளுக்குத் தலைக்கனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

நடந்தது வேறு. அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்குத் தங்கை ஒரு மெட்டு எழுதிக் கொடுத்தாள். மெட்டு மட்டும்தான், இடது கைக்கு வேண்டியதை அக்கா போட்டுக்கொள்வாள் என்ற நம்பிக்கை. தாளின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஷார்ப், அதாவது சுரத்தை அரைப்படி ஏற்றும் குறி. ஒரு ஷார்ப் என்றால் ஜி மேஜர், ஜி சுரத்தில் போய் முடியும் குதூகலமான சுரவரிசை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நடுவில் நாலு இடத்தில் டி சுரத்துக்கும் ஷார்ப் போட்டிருந்தது. அழுதுகொண்டே எழுதியதில் கை தவறியிருக்கும் என்று டீச்சர் அதை ரப்பரால் தேய்த்தாள். மெட்டு ஈ-யில் போய் அந்தரத்தில் நின்றது. பெருந்தன்மையாகக் கடைசியில் ஒரு ஜி சேர்த்தாள்.

கூட்டத்தில் வாசித்தபோது பின்வரிசையில் யாரோ காலால் தாளம் போட்டார்கள். தங்கை எழுந்து போனாள். போனவள்தான்.

போன செவ்வாய்க்கிழமை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பியானோ கற்க வந்திருக்கும் தபால்காரர் ஆரம்பித்தார்.

"டீச்சரம்மா, ஜி மேஜருக்கும் ஒரு ஷார்ப், ஈ மைனருக்கும் அதே ஷார்ப்னு புத்தகத்துல போட்டிருக்கே. ஒரே கதவு நம்பர்ல ரெண்டு குடித்தனமா? நான் லெட்டரை எந்த வீட்ல போடறது?"

"எங்க போய் முடியுதுன்னு பாருங்க. ஈ-யில முடிஞ்சா மைனர், சோகமான சுரவரிசை. நடுவுல டி-க்கும் ஷார்ப் வந்துச்சுன்னா சந்தேகமே வேணாம், அது..."

அந்த வாய் பாதியில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"அது?" என்றார் தபால்காரர்.

"இன்னிக்கு இது போதும்."

அவரை அனுப்பிவிட்டு அலமாரியைக் கவிழ்த்து அந்தத் தாளைத் தேடி எடுத்தாள். தேய்த்த இடங்களில் பென்சில் தடம் இன்னும் இருந்தது. ஷார்ப்களோடு, ஈ மைனரில், சேர்த்த ஜி-யை விட்டுவிட்டு வாசித்தாள். ஆறு வருடம் கழித்து அன்றுதான் அந்த வீட்டில் துக்கம் விழுந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா பேசறேன்டி."

"தெரியுது."

"அது ஈ மைனர்."

"இதைக் கண்டுபிடிக்க ஆறு வருஷமா?"

"நான் வாசிக்கிறேன், கேளேன். இப்ப சரியா வருது."

"வேணாம்க்கா. அதுக்கப்புறம் நான் ஒண்ணுமே எழுதல, தெரியுமா? எதை எழுதினாலும் யாரோ ரப்பரோட நிக்கிற மாதிரியே இருந்துச்சு."

"அந்த நாலு ஷார்ப்பையும் திருப்பிப் போட்டுடறேன்டி."

"போடாத. அழிச்சது அழிச்சபடியே இருக்கட்டும்."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள். முதல் ஷார்ப்பை அதற்குள் போட்டுவிட்டிருந்தாள். அதைத் தங்கையிடம் சொல்லவில்லை.