பாயிஸ் சொன்ன வேலை

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை தொடங்கியதோடு ஸுல்பிகா அலுவலகத்தில் தனியாளாகிப்போனாள். திருகோணமலைக் கப்பல் முகவர்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சின்னக் கம்பனி அது. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். கூட வேலைசெய்த இருவரும் வெளிநாடு போனார்கள். மூதூரை விட்டு ஓடிய உம்மாவும் வாப்பாவும் கந்தளாயில் உறவினர் வீட்டில். துறைமுகத்தைப் பார்த்த மாடியில் நாலு கதிரைகள், ஒரே ஆள். புலிகளின் சுழியோடிகள் வராமலிருக்கக் கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிரும்.

கம்பஸில் கூடப் படித்த பாயிஸ் சிங்கப்பூரில் இருந்து அடிக்கடி தொலைபேசி எடுப்பான். பங்குகளைக் கணினியே நொடிக்குள் வாங்கி விற்கும் கம்பனி ஒன்றில் அவனுக்கு வேலை. அவளையும் அங்கே விண்ணப்பம் போடச் சொன்னதும் அவன்தான்.

“வேலை எப்படி? உண்மையச் சொல்லுங்க.”

“விலை மாறின உடனே மற்றவனுக்கு முந்தி எங்கட மெஷின் வாங்கோணும். நாங்க எழுதினதில ஒரு வரி மெதுவா ஓடினாலும் போச்சு. மூளைக்கு நல்ல வேலை. சம்பளமும் பெரிசு.”

“கெட்டது?”

“எழுதினத வெளியில காட்டேலாது. விட்டுட்டுப் போனா ஒரு வருசத்துக்கு இப்படியான வேற இடத்தில சேரவும் ஏலாது. அஞ்சு வருசம் போனா இது மட்டும்தான் தெரியும்.”

“பகல்ல ஆரோட சாப்பிடுறீங்க?”

“தனியத்தான், என்ட மேசையில. நீங்க வந்தா வெளிய போய்ச் சாப்பிடலாம்.”

அவன் ஏன் இத்தனை தரம் எடுக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

கொழும்பில் வங்கி மென்பொருள் செய்யும் கம்பனி ஒன்றும் அவளை எடுத்திருந்தது. அமைதியான வேலை, மாதம் ஒருமுறை கந்தளாய்க்குப் போய்வரலாம். ஆனால் நேர்முகத்துக்காகச் சிங்கப்பூர்க் கம்பனிக்காரர் தொலைபேசியில் இரண்டு மணிநேரம் கேள்வி கேட்டபோது, மாதக்கணக்கில் தனக்குள் மட்டுமே ஓடிய யோசனையை இன்னொருவர் கூடவே ஓடிவந்து பிடித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வேலை கிடைத்தது. கடிதத்தில் இடம் லண்டன் என்றிருந்தது. சிங்கப்பூரில் ஆள் நிரம்பிவிட்டதாம்.

“எனக்குத் தெரியாது,” என்றான் பாயிஸ். பிறகு, “லண்டனும் நல்ல இடம்தான். போங்க,” என்றான். குரல் மெலிந்திருந்தது.

உம்மாவிடம் சொன்னாள்.

“தனியப் போய் என்ன செய்வாய், மகள்?”

“இங்கயும் தனியத்தானே, உம்மா.”

ஸுல்பிகா வங்கி வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டு, அலுவலகத்தைப் பூட்டி, சாவியைக் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டு கொழும்பு பஸ் ஏறினாள்.

லண்டனில் அவள் எழுதியதெல்லாம் நன்றாக ஓடியது. பாயிஸ் ஆறு மாதம்வரை தொலைபேசி எடுத்துப் பேசினான். பிறகு அவனுக்குக் கலியாணம் ஆனது, அழைப்புகள் நின்றன. அவள் கோபப்படவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்த செய்தி வந்தபோது சந்தை திறந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவள் படிக்கட்டுக்குப் போய் மூதூருக்கு எடுத்தாள். உம்மாவும் வாப்பாவும் ஊர் திரும்பி வெகுநாளாயிற்று.

“எப்ப வாறாய்?” என்றாள் உம்மா.

“லீவு கேட்டுப் பாக்கிறன்,” என்றாள். உடனே வைக்க மனமில்லாமல், வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.