பதினோரு ஆப்புக் குழிகள்

பெரியவளுக்கும் சின்னவளுக்கும் ஒரே வீடு, ஒரே அலுவலகம். அண்ணனைக் கட்டியவள் பெரியவள்; தம்பியைக் கட்டியவள் சின்னவள். குவாரி வெட்டப் போகும் இடங்களில் பழங்கால எச்சம் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது இருவருக்கும் வேலை. பெரியவளுக்கு இதில் பதினாறு வருடம், சின்னவளுக்கு இரண்டே வருடம். ஆனால் மாமியார் வாயைத் திறந்தால் சின்னவள் புராணம்தான்.

அந்தப் புராணத்துக்கு இப்போது புது அத்தியாயம் வேறு. ஆறு வருடம் முன்பு பெரியவள் ஏறி இறங்கி, "எச்சம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்த அதே பாறையில், சின்னவள் ஆப்புக் குழிகளைக் கண்டுபிடித்திருந்தாள். குழி வெட்டி, மர ஆப்பை இறக்கி, தண்ணீர் ஊற்றினால், ஆப்பு உப்பிப் பாறை பிளக்கும். அந்தக் காலத்துக் கல்வேலை. செய்தி கேட்டதிலிருந்து பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

மூத்தவள் என்பதால் சரிபார்க்கும் வேலை அவள் தலையில்தான் விழுந்தது. இருக்கக் கூடாது, இருக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டே ஏறினாள். இருந்தன. ஒரே வரிசையில் பதினோரு குழிகள். குவாரி இயந்திரம் துளைத்தால் வட்டமாக இருக்கும், இவை சதுரம். உள்ளே பாசி பொருக்குத் தட்டியிருந்தது.

படிவத்தில், "அண்மைக்கால வேலை. வெடி வைக்கத் தடையில்லை" என்று எழுதினாள்.

மறுநாள் அலுவலகத்தில் சின்னவள் அதை வாசித்தாள். சண்டைக்கு வருவாள் என்று பெரியவள் வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்படியாக்கா?" என்றாள் சின்னவள். "கல்லப் பாத்து வயசு சொல்றதுல உங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது. நாந்தான் அவசரக்குடுக்கையா எழுதிட்டேன்." பேனாவை எடுத்துத் தன் அறிக்கையின் குறுக்கே கோடு போடப் போனாள்.

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம். நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொள்ள வேண்டுமா?

"நில்லுடி!" என்று பேனாவைப் பிடுங்கினாள். அலமாரியிலிருந்து தன் ஆறு வருடத்துக்கு முந்திய அறிக்கையை உருவி, பாறையில் நின்றபோதே ஞாபகம் வந்துவிட்ட ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். பாறை, மேலே வானம், நடுவில் ஒரு சதுரக் குழிக்குள் உருளாமல் நிற்கும் அவளுடைய தண்ணீர் பாட்டில்.

"சாப்பிட உக்காந்தேன். குழி தோதா இருந்துச்சு, பாட்டில வச்சேன். என்ன குழின்னு குனிஞ்சு பாக்கல."

சின்னவள் படத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவ்வளவும் தெரிஞ்சுமா நேத்து அப்படி எழுதினீங்க? ஏன்க்கா?"

"பொறாமைடி. வேற என்ன?" பெரியவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஓரகத்தியின் பெயரை எழுதி, அவள் பக்கம் தள்ளினாள். "நேத்து எழுதினது இன்னும் மேல போகல. நீ கையெழுத்தப் போடு."