மழையில் நிற்கும் ஓடிங்

அம்மா கைபேசியைப் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த மூன்று பேரில் இருவர் சிரித்தார்கள். தரிசா மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டுமே தெரிகிற ரகம். உள்ளே சோதனை அறையில் ஆறு பெண்கள், ஆளுக்கொரு கைபேசி. தரிசா குடியிருக்கும் சந்திலிருந்து அவளே கூட்டி வந்தவர்கள். "வீட்டுல இருக்கற சாதாரணப் பொம்பளைங்க ஆறு பேர் வேணும்" என்று கிலாங் கேட்டிருந்தான். அவன்தான் அந்த ஸ்டூடியோவில் எல்லாம். ஆறில் ஒருத்தி தன்னைப் பெற்றவள் என்பதைத் தரிசா சொல்லவில்லை. பயிற்சிக்கு வந்த இடத்தில் சொந்தக் கதை எதற்கு என்று விட்டுவிட்டாள்.

தொழிற்பள்ளியில் அவளுக்குக் கடைசி வருஷம். ஆறு மாதம் எங்காவது வேலை பழகி, அங்கே போடுகிற மதிப்பெண்ணோடு திரும்பினால்தான் சான்றிதழ். கூடப் படிக்கிறவர்கள் செல்போன் ரிப்பேர் கடைக்கும் வார்டு ஆபீசுக்கும் போக, அவளுக்கு மட்டும் பாண்டுங் நகரத்து டாகோ மேட்டில் நிஜமான கேம் ஸ்டூடியோ. பன்னிரண்டு வயதிலிருந்து நோட்டு நோட்டாக கேம் வரைந்து தள்ளியவள். இங்கேயே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் ஆயுசுக்கும் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று ஐந்து வேளைத் தொழுகையிலும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

நாற்காலி கிடைக்கிற மாதிரிதான் இருந்தது. காரணம், மாங் ஓடிங், அதாவது ஓடிங் மாமா.

ஓடிங் அவள் வரைந்து பெற்ற பிள்ளை. தோளில் மூங்கில் காவடி, ஒரு முனையில் சூப் பானை, மறுமுனையில் கிண்ணங்கள். மழையில் சந்து சந்தாக ஏறி மீன் உருண்டை சூப் விற்கிற ஆள். எந்தச் சந்தில் திரும்பினால் பசித்தவர் இருப்பார் என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் அவள் செய்த விளையாட்டு.

கிலாங் பார்த்தான். அருமை என்றான். விளையாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்டான்.

இப்போது ஓடிங் வருவது பழம் அடுக்குகிற வேறொரு விளையாட்டில். அதுவும் ஆடி முடித்து மூடப் போகிற நேரத்தில். சொட்டச் சொட்ட நனைந்து வந்து நிற்பார். "நீங்க ஒரு விளம்பரம் பாத்தா நான் ஒரு கிண்ணம் வித்த மாதிரிம்மா. வேணாம்னாலும் பரவால்ல" என்பார். வேண்டாம் என்று அழுத்தினால் தொப்பியைக் கழற்றுவார். "பரவால்ல, நான் நிக்கறேன்." நிற்பார். போக மாட்டார்.

அந்த வசனத்தை எழுதியவள் தரிசா. "எங்க அம்மா வாசல்ல வந்து நிக்கற வியாபாரிய வேணாம்னு சொன்னதே இல்ல காங். மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது. வாங்கிக் கொட்டிருவாங்க" என்று ஒரு கூட்டத்தில் கிலாங் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னவளும் அவள்தான்.

பதினைந்து நிமிடச் சோதனை. எப்போது வேண்டுமானாலும் மூடிவிட்டு எழுந்து வரலாம் என்று முதலிலேயே சொல்லியாயிற்று. ஐம்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. ஒருத்தியும் எழவில்லை.

"அந்தப் பச்சை முக்காடு போட்ட அம்மாவப் பாருங்க," என்றாள் படம் வரைகிற நிஸ்ஃபி. "கால் ரெண்டையும் பின்னிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பாத்ரூம் முட்டுது போல."

"எந்திரிக்க மாட்டாங்க பாரு," என்றான் கிலாங். "இன்னும் ரெண்டு விளம்பரம் தாங்கும்."

"மூணு."

"சரி, ஒரு காப்பி பந்தயம்."

பச்சை முக்காடு அம்மாவுடையது. பெருநாளைக்கு எடுத்தது, இன்று இரண்டாவது முறையாகப் போட்டு வந்திருக்கிறாள். உள்ளேயிருந்து அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மன்னிச்சுக்கங்க மாங், இதோ பாத்துர்றேன்." மறுபடி சிரிப்பு.

தரிசா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அம்மா, எந்திரி."

"முடிஞ்சிருச்சா நேங்?" மகளைச் செல்லமாகக் கூப்பிடுவது எப்போதும் அப்படித்தான்.

"முடிஞ்சிருச்சு. எந்திரி."

கழிப்பறை வாசலில் அவள் காத்து நிற்கும்போது கிலாங் ஓடி வந்தான். "உங்க அம்மாவா? ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." அம்மா வெளியே வந்ததும் குனிந்து அவள் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டான். நாற்காலி போட்டான். தேநீர் வரவழைத்தான். மணக்க மணக்க ஒரு சாப்பாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குமட்டியது. கழுவாத கையால் ஊட்டிவிடுகிற மாதிரி இருந்தது.

மற்ற பெண்கள் கிளம்பிப் போனதும் அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டுத் தரிசாவை மேலே கூப்பிட்டான். நிஸ்ஃபியும் இருந்தாள்.

"ஆறு பேர்ல ஆறு பேரும் மூடல. பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படிப் பாத்ததில்ல. பள்ளிக்கூடம் முடியற மறுநாள் இங்க வந்துரு. வேலை உனக்குத்தான்."

கேட்ட நாற்காலி. கண்ணுக்கு எதிரே.

"ஓடிங் மாதிரி இன்னும் எட்டுப் பேர் வேணும். கைக்குழந்தையோட ஒரு பொம்பளை. கண்ணு தெரியாத கிழவர் ஒருத்தர். எல்லாரும் நல்லா நனைஞ்சிருக்கணும். உனக்குத்தான் அந்தக் கை இருக்கு."

"வேணாம் காங்."

கிலாங்கின் முகம் மலர்ந்தது. நல்ல வீட்டுப் பிள்ளை முதல் தடவை எதையும் வேண்டாம் என்றுதான் சொல்லும். பலகாரத் தட்டுக்கும் சரி, வேலைக்கும் சரி. "கூச்சப்படாத. தகுதி இருக்கு, தர்றேன்."

"கூச்சமில்ல. எனக்கு வேணாம். ஓடிங்கையும் அதுலேருந்து எடுத்துருங்க."

நிஸ்ஃபி தலையைத் தூக்கவில்லை. மூன்று மாதத்தில் அந்த அறையில் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் முடியாது என்று சொல்லித் தரிசா கேட்டதில்லை. தன் குரலே யாருடையதோ போல் இருந்தது.

"அதை அப்பறம் பாத்துக்கலாம்," என்றான் கிலாங், சிரிப்பு மாறாமல். எடுக்க மாட்டேன் என்று அர்த்தம். "உன் மதிப்பெண் தாளும் இருக்கு. அதையும் அப்பறம் பாத்துக்கலாம்."

அதற்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மேட்டிலிருந்து இறங்கும் ஷேர் வேனில் அவர்கள் இருவர்தான். சாப்பாட்டுப் பெட்டி அம்மாவின் மடியில்.

"வேலை தர்றேன்னாங்களா?"

"தர்றேன்னாங்க. வேணாம்னுட்டேன்."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி. அப்ப நான் ஒரு மணி நேரம் அடக்கிக்கிட்டு உக்காந்தது எதுக்கு?"

"எதுக்கு?"

"பாதியில எந்திரிச்சா உனக்குத்தானே கெட்ட பேரு. வர்ற வழியிலேயே அஞ்சு பேருக்கும் சொல்லி வச்சேன். எம் மக பொழப்பு விஷயம், அவங்களா முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாதுன்னு. பாவம் பக்கத்து வீட்டு இயாமுக்குக் கழுத்தே புடிச்சுக்கிச்சு."

"அப்ப அந்த ஆளுகிட்ட மன்னிப்புக் கேட்டியே?"

"கூரையில மைக்கு தொங்குச்சில்ல. அவங்க காதுல விழட்டும்னு கேட்டேன். பொம்மைக்கு எவளாவது பாவம் பாப்பாளா?"

ஆறில் ஆறு. அந்தக் கணக்கை நம்பி எட்டுப் பேரை நனைக்கக் கிலாங் இந்நேரம் வேறு ஆள் தேடிக்கொண்டிருப்பான். தரிசாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஒண்ணு சொல்றேன், நீ கோச்சுக்காத," என்றாள் அம்மா. "சூப்பு விக்கறவன் எவனாவது அப்படி நிப்பானா? யாராவது வேணாம்னு கையசைச்சா, கையில வச்சிருக்கற மரக்கட்டைய ரெண்டு தட்டு தட்டிட்டு அடுத்த சந்துக்குப் போய்க்கிட்டே இருப்பான். ரோஷக்காரனுங்க. அவனைப் போயிப் பிச்சைக்காரனா ஆக்கி வச்சிருக்காங்களே, சோத்தைத்தான் திங்கறாங்களா?"

"அவங்க இல்லம்மா. நான்தான் அப்படி எழுதுனேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பெட்டியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.