இரட்டைக்கால் கேரட்

ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி கொண்டுவரும் பையில் நேரான கேரட் ஒன்றுகூட இருந்ததில்லை. ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். இன்னொன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கும். இரண்டு கால், மூன்று கால் உள்ளவை ஏராளம்.

"மச்சான், தோட்டத்துல விதை போடறீங்களா, பொம்மை செய்யறீங்களா?" என்று அக்காவின் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் கேட்பார்.

"வாய்க்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் மாமா," என்று தம்பியும் வாரம் தவறாமல் சொல்வான்.

அந்த ஞாயிறு அவன் அப்படிச் சொல்லவில்லை. பையை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"புதன்கிழமை உங்க ஆஸ்பத்திரியில கூட்டம். எங்க விவசாயிங்க சங்கத்துக்காக நான்தான் பேசறேன். எங்ககிட்ட நேரா வாங்கினா பதினோரு குடும்பம் பொழைக்கும். இல்லேன்னா மாசக் கடைசியில குத்தகை நிலத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். சிமெண்ட் குடோன்ல லாரி ஓட்டக் கூப்பிடறாங்க."

"நான் ஏதாவது பேசட்டுமாடா?"

"நீ வாயே திறக்காத. தம்பிக்காகப் பேசினாள்னு நாளைக்கு ஒரு சொல் வந்துடக் கூடாது."

அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஸ்டோரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறைச் சரக்கறை பத்தொன்பது வருஷமாக அவள் பொறுப்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். அரிசி மூட்டைக்கு நடுவே ஒரு ஊசி விழுந்தாலும் எந்த மூட்டை, எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். இதுவரை அவள் பேரில் ஒரு புகாரும் வந்ததில்லை. அதுதான் அவளுக்கு நகைநட்டு எல்லாம்.

புதன்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து மதியச் சாப்பாடு தொடங்காத நேரத்தில், சாப்பாட்டு ஹாலிலேயே கூட்டம் நடந்தது. துடைத்த மேஜைகளில் இன்னும் ஈரம் இருந்தது. நடுவில் பெரிய டாக்டர். ஒரு பக்கம் இத்தனை வருஷமாகக் காய்கறி போடும் மண்டிக்காரர். எதிர்ப்பக்கம் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில், மாதிரிக்கு ஒரு பை கேரட்டோடு. காய் நறுக்கும் நாலு பெண்களுக்கும் தலைவியான கத்தியம்மா, ஏப்ரனை அவிழ்க்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்டோரக்கா நோட்டும் பேனாவுமாக டாக்டருக்குப் பக்கத்தில்.

தம்பி தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். "சார், எங்க தோட்டத்துல இருந்து இங்க சைக்கிள்ல வந்தாலும் முக்கால் மணி நேரம்தான். ஆனா உங்க நோயாளிங்க சாப்பிடற கேரட்டு ரெண்டு நாள் லாரியில வருது. எங்களுது கல்லு கலந்த மண்ணு. பத்துக் கேரட்டுல மூணு கல்லுல இடிச்சுப் பிளந்துதான் வளரும். அந்த மூணையும் மண்டியில எடுக்கறதில்ல. தண்ணி பாய்ச்சி, களை எடுத்து, வளர்த்து, மறுபடியும் மண்ணுலயே போட்டு மூடறோம்."

"நான் எடுக்க மாட்டேன்னு சொல்லல தம்பி," என்றார் மண்டிக்காரர். "ஆனா ஒண்ணு கேளுங்க டாக்டர். ஒரு வாரம் மழை விடாம அடிச்சா இவங்க தோட்டத்துல கால் வைக்க முடியாது. நோயாளிங்க கிட்ட போய், மழை, இன்னிக்குப் பட்டினின்னு சொல்லுவீங்களா? நாலு ஊர்ல இருந்து எடுக்கறதாலதான் என் லாரி ஒரு நாள் கூட நின்னதில்ல."

டாக்டர் தலையாட்டினார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

"எல்லாரும் நியாயம் பேசறீங்க," என்றாள் கத்தியம்மா. "விவசாயிக்கு நியாயம், லாரிக்கு நியாயம். என் விரலுக்கு யார் நியாயம் பேசறது? நேர் கேரட்டுன்னா நாலு இழுப்புல தோல் போயிடும். இவரு கொண்டுவர்றது டான்ஸ் ஆடுது. அதோட இடுக்குல எல்லாம் கத்தியை விட்டுச் சீவிக்கிட்டு இருந்தா மதியச் சாப்பாடு சாயங்காலம்தான்."

ஹாலே சிரித்தது. தம்பியும் சிரித்துவிட்டான், பாவம், அழ முடியாத குறைக்கு.

"சரி, இந்த நேரா இருக்கணும்ங்கறது எங்கிருந்து வந்துச்சு?" என்றார் டாக்டர்.

"நானா சொல்றேன்? தாள் சொல்லுது." மண்டிக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் சாம்பல் பூத்துப்போன தாள். "ஆறு அங்குலத்துக்குக் குறையாமல், எட்டு அங்குலத்துக்கு மேற்படாமல், வளைவோ பிளவோ இல்லாமல். இது உங்க ஆஸ்பத்திரி விதி."

"யார் போட்டது? எதுக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. தாள் மேஜையில் கை மாறி ஸ்டோரக்காவிடம் வந்தது. அவளுக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது அவள் கையெழுத்து.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குத் தோல் சீவும் மெஷின் ஒன்று வந்தது. நேரான காயைப் போட்டால் கடகடவென்று சீவித் தள்ளும். கோணல் காய் போனால் உருளைக்கு நடுவே சிக்கிக்கொண்டு அலறும். அதற்காக ஒரு சாயங்காலம் அளவுகோலை வைத்து அளந்து, அழகாகப் பத்தி பிரித்து, இந்தத் தாளை அவள்தான் எழுதி மண்டிக்கு அனுப்பினாள். இரண்டே வருஷத்தில் மெஷினின் மோட்டார் கருகியது. பழைய இரும்புக்குப் போனது. மெஷினைச் சாமான் பட்டியலிலிருந்து அடித்ததும் அவள்தான். அதற்காகப் போட்ட விதியை அடிக்கவில்லை. மெஷின் செத்து ஒன்பது வருஷம் ஆகியும் அதற்குப் பத்தியச் சாப்பாடு போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காரணம் தெரியாட்டியும் விதி விதிதான்," என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். "இப்போதைக்கு இருக்கறபடியே போகட்டும். என்ன சொல்றீங்க?"

முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிற உலகம். ஒரு தாளை நோட்டுக்கு அடியில் மறைக்க எவ்வளவு நேரம் ஆகும்? பத்தொன்பது வருஷப் பேர் அப்படியே இருக்கும். ஸ்டோரக்கா எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் கிறீச்சிட்டது.

"சார், இந்தத் தாளை எழுதினது நான்தான்," என்று மெஷின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். கணக்காகச் சொல்லும் பழக்கம் அப்போதும் போகவில்லை. மெஷின் வந்த மாதத்தையும் போன மாதத்தையும் சேர்த்தே சொன்னாள். "எதிர்ல நிக்கறது என் தம்பி. அவனுக்காகச் சொல்றேன்னு நினைச்சாலும் சரி. தப்பு என்னுது. மெஷின் போன அன்னிக்கே இதைக் கிழிச்சிருக்கணும்."

மண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா! இந்தத் தாள் நல்லா இருக்கேன்னு இன்னும் நாலு ஹாஸ்டலுக்கு நானே நகல் குடுத்திருக்கேனே!"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டத்தான் போகிறார் என்று ஸ்டோரக்கா காத்திருந்தபோது கத்தியம்மாவின் குரல் வந்தது.

"ஸ்டோரக்கா, நீ உட்காரு முதல்ல. தாள் எழுதினது நீ. மெஷின் இல்லாததைத் தினமும் கண்ணால பார்த்த எனக்கு எங்க போச்சு புத்தி?" அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். "சார், நம்ம தட்டுல பாதிக்கு மேல பல்லு இல்லாதவங்களுக்கும் ஆபரேஷன் ஆனவங்களுக்கும் போகுது. அவங்களுக்குக் கேரட்டை வேகவச்சு மசிச்சுத்தான் குடுக்கறோம். மசியப் போற கேரட்டுக்கு நிமிர்ந்த நடை எதுக்கு? அன்னன்னிக்குப் பறிச்ச பிஞ்சுன்னா தோலே சீவ வேணாம், தேய்ச்சுக் கழுவினாப் போதும்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஆனா சும்மா இல்ல," என்று கத்தியம்மா விரலை நீட்டினாள். "மண்ணோட வந்தா நான் தொட மாட்டேன். தோட்டத்துலயே அலசி அனுப்பணும். காலையில எங்களுக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். உட்கார்ந்து வேலை செய்ய உயரமான ஸ்டூலும் வேணும். நாலு வருஷமா கேக்கறேன்."

"மூணு தண்ணியில அலசி அனுப்பறேன் அம்மா," என்றான் தம்பி.

"மழை பெஞ்சா?" என்றார் டாக்டர்.

"என் லாரி எங்க போகப் போகுது?" என்றார் மண்டிக்காரர். "மசிக்கறது அவங்ககிட்ட, மத்தது என்கிட்ட. அவங்க வர முடியாத அன்னிக்கு மொத்தமும் நான் போடறேன். ஹாஸ்டல்காரங்க கிட்டயும் சொல்றேன், தாளைக் கிழிச்சாச்சுன்னு."

மூன்று மாதம் பார்க்கலாம், நன்றாக நடந்தால் தொடரலாம் என்று டாக்டர் முடித்தார். போகும்போது ஸ்டோரக்காவிடம், "தப்பைத் தேதியோட சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்று மட்டும் சொன்னார்.

அவள் நேராகக் கத்தியம்மாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "விடு, கையில வெங்காயம்," என்றாள் கத்தியம்மா.

தம்பியை வெளியே கை கழுவும் குழாயடியில் பிடித்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"மண்டியில ஒட்டி வச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துல என் நோட்டுக்கெல்லாம் பேர் எழுதிக் குடுத்தவ நீ. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"எத்தனை வருஷமா?"

"அது ஆச்சு ஒரு ஏழு வருஷம்."

"ஏழு வருஷமா அந்தக் கோணலையே பையில கட்டிக்கிட்டு வந்தியே, குத்திக் காட்டவா?"

"சீ! அதெல்லாம் இல்லக்கா." அவன் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். "மண்ணுல போட்டு மூட மனசு வரல. உன் வீட்டுல உரிமையாக் கொண்டு வந்து குடுக்கலாம். நீயும் ஒரு வாரம்கூட மூஞ்சியச் சுளிக்காம வாங்கிக்கிட்ட. உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அன்னிக்கே ஓடிப்போய் ஒத்துக்கிட்டிருப்ப. உன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா? அப்பா தவறின வருஷம் நம்ம எல்லார் தட்டுலயும் சோறா விழுந்தது உன் வேலைதானே."

அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், அவனுக்கு நாற்பத்திரண்டு வயது ஆகிறது என்பதை மறந்து.

அன்று மதியமே புதுத் தாள் ஒன்று எழுதினாள். கேரட் அழுகக் கூடாது, மண் இருக்கக் கூடாது, எப்படி வேண்டுமானாலும் வளைந்திருக்கலாம். அதற்குக் கீழே தேதி போட்டுக் காரணத்தையும் எழுதினாள்: மசிப்பதற்காக. இந்தக் காரணம் போகும் நாளில் இந்தத் தாளும் போக வேண்டும்.

முதல் சுமை அடுத்த வியாழக்கிழமை விடிந்ததும் வந்தது. புது ஸ்டூலில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த கத்தியம்மா, இரட்டைக்கால் கேரட் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அலசித்தான் அனுப்பியிருக்கான், வாக்கு மாறல," என்றாள்.

அந்த ஞாயிறும் தம்பி பையோடு வந்தான். அக்காவின் வீட்டுக்காரர் ஆசையாகப் பையைக் கவிழ்த்தார். எல்லாம் ஒரே நீளம், ஒரே நேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாகக் கிடந்தன.

"என்ன மச்சான் இது, ஒண்ணுகூட டான்ஸ் ஆடல?"

"கோணலுக்கெல்லாம் கிராக்கி வந்துடுச்சு மாமா. இப்போதைக்கு இதுதான் மிச்சம். பொறுத்துக்குங்க."

"ஆக, நமக்குக் கழிச்சதுதான்!" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அக்கா ஒரு கேரட்டை எடுத்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் சீவாமல், அடுப்படியில் நின்றபடியே கடித்தாள். இத்தனை ஞாயிறு எப்படி இனித்ததோ அப்படியே இனித்தது.