மூன்றாவது பையில் வரும் தேன்

“தேன் உன்கிட்டதானே இருக்கு?”

“என்கிட்டயா? நான் எலுமிச்சம்பழம் இல்லையா, மச்சான்.”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். பாறையில் சாய்ந்திருந்தவை இரண்டு பைகள்தான்.

வருஷா வருஷம் இந்தப் பனிமலை ஏறும்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ரம் மச்சான் பையில், எலுமிச்சம்பழம் என் பையில், தேன் அவன் தங்கை பையில். வழியில் யாரும் தனியாக ஊற்றிக்கொள்ளக் கூடாது என்று முதல் வருஷமே அவள் போட்ட சட்டம் அது. மூவரும் மேலே வந்து சேர்ந்தால்தான் பானம். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் இருமல் மருந்துக் குப்பியைக் கழுவித் தேன் நிரப்பி வருவாள். குப்பியின் மூடிதான் அளவு. ரம் இரண்டு மூடி, சாறு ஒன்று, தேன் ஒன்று, பாறை நிழலில் கரையாமல் கிடக்கும் பனி ஒரு பிடி. டம்ளரை நீட்டும்போது, சாப்பாட்டுக்கு முன், நன்றாகக் குலுக்கிய பின் என்று கடைக் குரலிலேயே சொல்வாள். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

போன மாதம் எனக்கும் அவளுக்குமான விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அப்புறமும் மச்சான் வழக்கம்போல ஃபோன் செய்து, வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். அவள் வீட்டில் என்னை இன்னும் மாப்ள என்று கூப்பிடுபவன் அவன் ஒருவன்தான். அதைக் கேட்கத்தான் இரண்டு நாளாக அவன் முதுகைப் பார்த்தபடி ஏறினேன். லாரி மெக்கானிக் அவன். வழியெல்லாம் கிளட்ச், பிரேக் என்று பேசிக்கொண்டே வந்தான். பேச்சு தங்கை பக்கம் சரியும்போதெல்லாம் வளைவில் ஸ்டியரிங்கை ஒடிப்பதுபோல ஒடித்துத் திருப்பினான்.

அவள் வரமாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும். தேனும் வராது என்பதுதான் இருவருக்குமே தோன்றவில்லை.

“ரெண்டு புத்திசாலிங்க சேர்ந்தா இப்படித்தான் ஆகும்” என்றான் மச்சான்.

முதலுதவிப் பையைக் கவிழ்த்துத் தேடினான். கட்டுத்துணிக்கு அடியில் ஒரு காகித உறை கிடந்தது. ‘தொண்டை வலிக்கு. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம்’ என்று அவள் கையெழுத்து. உள்ளே தேன் கலந்த சப்பு மாத்திரைகள் நான்கு, ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆளுக்கு இரண்டு, அளவு மீறவில்லை என்று அவன் சொன்னபோது சிரித்தேன். அடுப்பில் கொஞ்சம் தண்ணீர் சுட வைத்து மாத்திரைகளைக் கரைத்தான். நான் பேனாக்கத்தியால் பழத்தை வெட்டிப் பிழிந்தேன். அளவு மூடி இல்லாததால் ரம் கைபோன போக்கில் விழுந்தது. பனியை நொறுக்கிப் போட்டு, ஒரு டம்ளரை இன்னொன்றின் மேல் கவிழ்த்துக் குலுக்கினோம்.

முதல் வாயிலேயே தொண்டை மரத்துப்போனது. ஜலதோஷக்காரன் குடிக்கும் கஷாயம் மாதிரி இருக்கிறது என்றான் மச்சான். இருந்தாலும் குடித்தோம். எதிர்ச் சரிவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது; எங்கள் பாறை அதற்குள் குளிர்ந்துவிட்டது. காகித உறையை அவன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதை என்னிடம் தந்துவிடேன் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

“மாப்ள, நாம சேர்ந்து வர்றது இதோட போதும்னு நினைக்கிறேன்” என்றான், டம்ளரைப் பார்த்தபடி.

“அவ சொன்னாளா?”

“அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு வந்திருப்பேன். கிளம்புன அன்னிக்கு காலையில நான் பை கட்டுறதைப் பாத்துட்டே நின்னா. எங்க போறன்னு கேக்கல. வாசல் வரைக்கும் வந்து கதவை மட்டும் திறந்து விட்டா.”

இந்த மலையை நான் தனியாகவும் ஏறலாம், வழி தெரியும். ஆனால் எலுமிச்சம்பழத்தை மட்டும் சுமந்துகொண்டு மேலே வந்து என்ன செய்வது? அவன் டம்ளரின் அடியில் மிஞ்சிய பனியை வழித்துக் கீழே கொட்டினான். எழுந்து பையின் வாரைத் தோளில் மாட்டினான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

“மச்சான், அடுத்த வருஷம் தேனும் நானே கொண்டு வரேன். மறக்காம கொண்டு வரேன். நீ ரம் மட்டும் எடுத்துட்டு வா.”